இருபத்தேழு நாள் பிரிக்காத உறை

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

என் மனைவி பிரேமளா இன்று ஜீவனின் கிளினிக்கிலிருந்து சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதும் சிரிப்பு. கழுத்து வலி என்று நான்கு மாதமாக என்னோடு சரியாகப் பேசாதவள்.

"ஜீவன் அண்ணன் பழைய கதையெல்லாம் சொன்னாரு. ஹாஸ்டல்ல எலும்புக்கூட்டுப் பக்கத்துல படுத்துத் தூங்கிட்டீங்களாமே! காலையில அதோட கை உங்க மேல இருந்துச்சாமே!"

முப்பது வருடம் நான் அவளிடம் சொல்லாத கதை. முதல் நாளே சொல்லிவிட்டான்.

ஜீவனும் நானும் ஒரே பயிற்சிக் கல்லூரி, ஒரே அறை, ஒரே ஆண்டில் பிசியோதெரபிஸ்ட் ஆனவர்கள். அவன் கோத்தா திங்கித் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டியவரின் மகன். என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர். தேர்வில் எப்போதும் நான்தான் முன்னால். நாற்பது வயதில் அவன் அரசாங்க வேலையை விட்டான். வீட்டை விற்று, ஆஸ்திரேலியாவுக்குப் போய், முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக் படித்துத் திரும்பினான். இப்போது மாசாயில் டயர் கடைக்கு மேலே கிளினிக். பலகையில் பெரிய எழுத்தில் 'டாக்டர் ஜீவன்'. நான் அதே ஆஸ்பத்திரியில், அதே பிரிவில், அதே நாற்காலியில். பிரிவுத் தலைவர் பதவி இரண்டு முறை என்னைத் தாண்டி இளையவர்களுக்குப் போயிற்று.

கிளினிக்கில் நாலு பக்கப் படிவம் நிரப்பச் சொன்னார்களாம். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, கடைசியாக எப்போது மனம்விட்டு நடந்தீர்கள் என்றெல்லாம் கேள்வி. அவசரத்துக்கு யாரை அழைப்பது என்ற கட்டத்தில் சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் மகள் ஷாந்தினியின் எண்ணை எழுதினாளாம்.

"நான் இங்கேதானே இருக்கிறேன்?"

"நீங்கதான் போனே எடுக்க மாட்டீங்களே."

பிப்ரவரி 6, வியாழன்

டாக்டராம்.

பிப்ரவரி 12, புதன்

நேற்று தைப்பூசம். கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வரிசையில் ஜீவன் எங்களுக்கு முன்னால் நின்றான். நின்றான் என்று சொல்ல முடியாது. பத்தடிக்கு ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பாசிர் கூடாங் தொழிற்சாலை ஆள் ஒருவர் கூட்டத்திலேயே இடுப்பை வளைத்துக் காட்டினார். "பாத்தீங்களா டாக்டர், இப்ப சப்பாத்து நாடாவை நானே கட்றேன்!"

அப்புறம் அந்த ஆள் என்னைப் பார்த்து, "சாரும் மசாஜ் செய்றவர்தானே?" என்றார்.

ஜீவன் உடனே, "அலமாக், அண்ணே! இவரு எனக்கு மேல படிச்சவருலா," என்றான். அதில் கேலி இருந்ததா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் இன்னும் எரிகிறது.

பிப்ரவரி 20, வியாழன்

ஜீவனிடம் ஆறு முறை போய்விட்டாள். தினமும் காலையில் எங்கள் குடியிருப்புத் தாமானைச் சுற்றி நாற்பது நிமிடம் நடக்கிறாள். இனிப்பைக் குறைத்துவிட்டாள். கேக் செய்து கொடுப்பதைத் தொழிலாக வைத்திருப்பவள், சொந்த ஐசிங்கைச் சுவைத்துப் பார்க்க மாட்டேன் என்கிறாள். கழுத்து வலி பாதி குறைந்துவிட்டதாம், நல்ல தூக்கம் வருகிறதாம்.

நடந்தால் தூக்கம் வரும். இனிப்பைக் குறைத்தால் உடம்பு லேசாகும். இதை ஆறு வருடமாக நானும் சொல்கிறேன்.

சொன்னேன். அதற்கு அவள் பதில்: "நீங்க பேப்பர் கொடுத்தீங்க. அவரு கையை வச்சுப் பாத்தாரு."

பேப்பர் இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. கழுத்துப் பயிற்சி, ஒன்பது படங்கள், மலாயில் விளக்கம். எங்கள் பிரிவில் எல்லோருக்கும் கொடுப்பது. ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பார்க்கிறவன் வீட்டுக்கு வந்து முப்பத்தொன்றாவது ஆளையும் பார்க்க வேண்டுமா?

கையை வைத்துப் பார்த்தானாம். என்ன பேச்சு இது!

மார்ச் 3, திங்கள்

அவனுடைய விளம்பரத் தாள் ஒன்று கிடைத்தது. பிரேமளாவின் கைப்பையில் இருந்தது, நான் தேடவில்லை. (தேடினேன்.) 'முதுகெலும்பு நேரானால் முழு உடம்பும் நேராகும். முதுகுவலி, தலைவலி, சர்க்கரை, ஆஸ்துமா…'

முதுகுவலிக்குச் சரி. சிலருக்கு நெட்டி முறித்துவிட்டால் குறையும், நல்ல உடற்பயிற்சியும் அதே அளவு குறைக்கும். ஆய்வுகள் அவ்வளவுதான் சொல்கின்றன. சர்க்கரைக்கு? ஆஸ்துமாவுக்கு? முள்ளெலும்பைச் சொடுக்கினால் மூச்சுக்குழாய் திறக்குமா? இவனும் உடற்கூறு படித்தவன்தானே. தெரிந்தே செய்கிறான்.

ஒரு நீலக் கோப்பு வாங்கினேன். விளம்பரத் தாள், பலகையின் படம், அவன் பேஸ்புக்கில் போட்டதன் நகல். சுகாதார அமைச்சுக்கு முறையாக ஒரு புகார் எழுதப் போகிறேன். பொறாமை இல்லை இது. துறை ஒழுக்கம்.

சரி, பொறாமையும்தான். யார் படிக்கப் போகிறார்கள் இதை?

மார்ச் 13, வியாழன்

இன்று சிரிக்காமல் வந்தாள். கையில் ஓர் உறை. மேலே கிளினிக்கின் முத்திரை, கீழே அவன் கையெழுத்தில் 'ஹேமநாதனுக்கு, உடனே.'

"ஸ்கேன் எடுக்கணுமாம். உங்ககிட்ட கொடுக்கச் சொன்னாரு. நீங்க ஆஸ்பத்திரிலேயே இருக்கீங்க, உடனே ஏற்பாடு பண்ணிருவீங்கன்னு சொன்னேன். அது முடியற வரைக்கும் கழுத்துல கை வைக்க மாட்டாராம்."

ஸ்கேன்! இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். முதலில் ஸ்கேன், பிறகு இருபத்து நான்கு முறை வர வேண்டும் என்று ஓர் அட்டை. என் மனைவியை எந்த ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்குச் சொல்ல இவன் யார்? அதுவும் அவள் கையிலேயே கொடுத்து. பிரித்தால் அவன் உத்தரவை வாங்கிக்கொண்டவன் ஆவேன்.

"பார்க்கிறேன்," என்றேன்.

உறையைப் பிரிக்காமல் நீலக் கோப்பில் வைத்தேன். புகாருக்கு நல்ல ஆதாரம்.

மார்ச் 15, சனி

ஜீவன் மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில், "லெட்டர் படிச்சியா? கூப்பிடுலா." அவன் எண்ணைத் தடை செய்துவிட்டேன். நிம்மதி.

மார்ச் 19, புதன்

"ஸ்கேனுக்கு தேதி கிடைச்சிருச்சா?"

"வரிசை நீளம். வரும்."

கிளினிக்குக்குப் போவதை நிறுத்திவிட்டாள். மாலைகளில் வீட்டில் இருக்கிறாள். பேச்சு அதிகம் இல்லை, ஆனால் இருக்கிறாள். இன்று எனக்காகப் புட்டு அவித்தாள். வேண்டுதல் பலித்தவன் மாதிரி சாப்பிட்டேன்.

மார்ச் 22, சனி

ஒரு பிறந்தநாள் கேக் திரும்பி வந்துவிட்டது. பெயர் கோணல்மாணலாக இருக்கிறதாம். இருபது வருடமாக ஐசிங் பையைப் பிடித்துப் பெயர் எழுதுகிறவள். அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஊரே சொல்லும்.

"கோழி கிறுக்கினது மாதிரி இருக்கே," என்றேன். வேடிக்கையாகத்தான்.

அவள் கையை விரித்து விரித்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 2, புதன்

நோன்புப் பெருநாள் விடுமுறை. எதிர்வீட்டு மலாய்க்காரர்கள் விருந்துக்கு அழைத்தார்கள். பிரேமளாவின் கையிலிருந்து கண்ணாடிக் குவளை நழுவிற்று. ரோஜா சிரப் அவர்களுடைய வெள்ளை விரிப்பு முழுவதும். "தரை வழுக்குச்சு," என்றாள். நழுவியது குவளை, கால் இல்லை.

திரும்பும்போது சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தாள். களைப்பு.

ஏப்ரல் 9, புதன்

எழுத வேண்டும்.

காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏங்க, இந்த பட்டனை போட்டு விடுங்க. விரல் கேக்க மாட்டேங்குது."

போட்டுவிட்டேன். நான்கு பொத்தான்கள். பிறகு ஏனென்று தெரியாது — முப்பது வருடப் பழக்கம் — அவள் நடுவிரலைப் பிடித்து நகத்தைச் சுண்டினேன். கட்டைவிரல் தானாகத் துள்ளி உள்ளே மடிந்தது. இன்னொரு கை. அதுவும்.

கழுத்தில் தண்டுவடம் நசுங்கினால் இப்படித் துள்ளும். முதல் வருட மாணவனுக்குத் தெரியும். கோணல் எழுத்து, நழுவிய குவளை, சுவரைத் தொட்டு நடப்பது — அந்நியப் பெண் ஒருத்தி இதில் ஒன்றைச் சொல்லிக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே அனுப்பியிருப்பேன். நான் என்ன பண்ணிட்டு இருந்தேன்? கோழி கிறுக்குதுன்னு சிரிச்சிட்டு இருந்தேன்.

நீலக் கோப்பைத் திறந்து உறையைக் கிழித்தேன். இரண்டு தாள்கள். ஒன்று டாக்டர்களுக்கு முறையாக எழுதியது. இன்னொன்று எனக்கு.

'ஹேமா, பிரேமளாவின் விரலைச் சுண்டிப் பார்த்தேன். இரண்டு கையும் துள்ளுகிறது. ஹாஸ்டலில் உன் விரலிலும் என் விரலிலும் பழகினோமே, அதேதான். போன வாரம் இல்லை, இன்று இருக்கிறது. இந்தக் கழுத்தில் நான் கை வைக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும், சீக்கிரம். நான் எழுதிப் போட்டால் வரிசையில் நிற்க வேண்டும். நீ ஒரு வார்த்தை சொன்னால் அதே வாரம் நடக்கும். அதனால் உன்னிடம் கொடுக்கிறேன். அவளைப் பயமுறுத்தவில்லை, நீயே பக்குவமாகச் சொல்.'

மார்ச் 13. இன்று ஏப்ரல் 9. இருபத்தேழு நாள்.

ஏப்ரல் 10, வியாழன்

அவன் சொன்னது சரி. ஒரே ஒரு போன். காலை பத்து மணிக்குக் கேட்டேன், பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்கேன். நான்காம், ஐந்தாம் கழுத்தெலும்புகளுக்கு நடுவே தண்டுவடம் நசுங்கியிருக்கிறது.

அறுவை மருத்துவர் சின்ன வயதுக்காரர். கடிதத்தின் தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஒரு மாசம் ஆச்சே. எங்க இருந்துச்சு?"

பிரேமளா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"வரிசை, டாக்டர். தேதி கிடைக்கல," என்றேன்.

ஏப்ரல் 17, வியாழன்

அறுவை சிகிச்சை முடிந்தது. நான்கு மணி நேரம்.

ஜீவன் பார்லித் தண்ணீரோடு வந்து காத்திருந்தான். கண் விழித்ததும் அவள் முதலில் அவனைப் பார்த்துத்தான் புன்னகைத்தாள். அவன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றான், அவள் முகம் அவன் பக்கம் இருந்தது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். ஆனாலும் எரிந்தது. இந்த நிலைமையிலும்! என்ன பிறவி நான்?

நடைவழியில் கேட்டான். "ஹேமா, லெட்டர் எப்பலா கைக்குக் கிடைச்சுது?"

காப்பி வாங்கப் போவதாகச் சொல்லி நகர்ந்துவிட்டேன்.

மே 11, ஞாயிறு

நடை திரும்பிவிட்டது. இடது கை நன்றாக இருக்கிறது. வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னும் மரத்தே கிடக்கின்றன. ஐசிங் பையை அழுத்த முடியவில்லை. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று மருத்துவரைத் தனியாகக் கேட்டேன். "சொல்ல முடியாது," என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

தினமும் நானே பயிற்சி கொடுக்கிறேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த பேப்பரைக் கிழித்துப் போட்டேன். ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னேன், அலுத்துப்போனாள். ஜீவன் அவளிடம் போனில், "பந்து எதுக்கு? கேக்குக்குப் போர்த்துற சர்க்கரை மாவைப் பிசைங்கலா. கைக்குப் பழக்கமானது," என்றானாம். இப்போது ஒரு மணி நேரம் விடாமல் பிசைகிறாள்.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது.

ஜூன் 8, ஞாயிறு

என் பொய் வெளியே போய்விட்டது. தனியாக நடக்கிறது.

பிரேமளா தன்னைப் பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் எனக்காகப் பேசுகிறாள். "பாவம், அவரு என்ன செய்வாரு? அங்கேயே வேலை செய்றவருக்கே தேதி கொடுக்கல." கேட்டுக்கொண்டிருந்த ஷாந்தினிக்குக் கோபம். "எங்கப்பாவுக்கே இப்படின்னா மத்தவங்களுக்கு எப்படி?" என்று ஆஸ்பத்திரியின் மேல் புகார் எழுதி அனுப்பிவிட்டாள். தேதிகளோடு, ஆதாரங்களோடு. என் மகள்தான்.

ஜூன் 18, புதன்

ஸ்கேன் தேதி பதிவு செய்யும் சபாபதி என் மேஜைக்கு வந்தார். பதினோரு வருடமாக அங்கே உட்காருகிறவர். யாருடைய தாளையும் தொலைத்தவர் இல்லை. கையில் விளக்கம் கேட்ட கடிதம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் தர வேண்டும்.

"சார், பதிவுப் புத்தகம் முழுக்கப் பாத்துட்டேன். கம்ப்யூட்டர்லயும் பாத்துட்டேன். மேடமோட லெட்டர் என் கவுண்டருக்கு வரவே இல்லையே சார்? யாருகிட்ட கொடுத்தீங்கன்னு ஞாபகம் இருக்கா? நான்தான் எங்கயாச்சும் மாத்தி வச்சிட்டேனா?"

தன்னையே சந்தேகப்படுகிறார். என்னை அல்ல.

"பார்க்கிறேன்," என்றேன். மார்ச் 13 அன்று சொன்ன அதே வார்த்தை.

ஜூன் 20, வெள்ளி

காலை எட்டேகாலுக்கு இயக்குநர் அறையில் எழுதிக் கொடுத்தேன். 'கடிதம் மார்ச் 13 முதல் என்னிடம் இருந்தது. நான் பிரிக்கவில்லை. பதிவுப் பிரிவில் எந்தத் தவறும் இல்லை.' மூன்று வரி. ஜீவன் மேல் புகாருக்காக நான் தயாரித்து வைத்திருந்தது ஒன்பது பக்கம்.

சபாபதியிடம் போய்ச் சொன்னேன். "அப்ப நான் தொலைக்கல சார்," என்றார். பதிவுப் புத்தகத்தை மூடினார்.

நாளை ஷாந்தினி வருகிறாள். அவளுக்கும் பிரேமளாவுக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 21, சனி

சொல்லிவிட்டேன். சமையல் மேஜையில், பிரேமளா மாவு பிசைந்துகொண்டிருக்கும்போது. நீலக் கோப்பையும் எடுத்து வைத்தேன்.

ஷாந்தினி எழுந்து வெளியே போனாள். காரை எடுக்கும் சத்தம் கேட்டது.

பிரேமளா கடிதத்தைப் படித்தாள். மெதுவாக, இரண்டு முறை. மாவுக் கை பட்டுத் தாளின் ஓரம் பிசுபிசுத்தது.

"எம்மேல சந்தேகமா?"

"இல்லை."

"பின்ன ஏங்க பிரிக்கல?"

என்ன சொல்வது? அவன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று அச்சடித்திருந்தது, அதனால் என்றா? அவன் உன்னைச் சிரிக்க வைத்தான் என்றா?

"என் கழுத்தை விட உங்களுக்கு அந்தக் கோவம் பெரிசா போச்சு," என்றாள். சத்தம் போடவில்லை. அழவுமில்லை. மாவை ஈரத்துணியால் மூடினாள். "அடுத்த வாரத்திலருந்து எக்சர்சைசை ஜீவன் அண்ணன்கிட்டயே செஞ்சுக்கிறேன். நீங்க செய்ய வேணாம்."

ஜூலை 4, வெள்ளி

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை. பதவி உயர்வு இனி என்றைக்கும் இல்லை. அதைப் படித்தபோது வலிக்கவில்லை என்பது எனக்கே ஆச்சரியம். வீட்டில் அவள் என் முன்னால் பொத்தான் போட முயல்வதில்லை, அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். அதுதான் வலிக்கிறது.

ஜூலை 15, செவ்வாய்

செவ்வாயும் வெள்ளியும் நான்தான் காரில் கூட்டிப் போகிறேன். மேலே ஏறுவதில்லை. டயர் கடைக்காரர் நாற்காலி கொடுக்கிறார்.

இன்று ஜீவன் கீழே இறங்கி வந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள்.

"ஏன்டா, ஒரு உறையைப் பிரிக்க முடியலையா உனக்கு?"

நாற்காலியிலிருந்து எழுந்தேன்.

டயர்களைப் பார்த்துக்கொண்டே நின்றான். "என் மேலயும் தப்பு. போனை எடுக்கலன்னதும் உன் வீட்டு வாசல்ல வந்து நின்னிருக்கணும். இல்ல, நேரா ஆஸ்பத்திரிக்கே எழுதியிருக்கணும். உன்கிட்ட கொடுத்தா போதும், ஹேமா பாத்துக்குவான்னு இருந்துட்டேன்."

அடித்திருக்கலாம். நம்பினேன் என்கிறான்.

என்னிடம் சொல்வதற்கு ஒன்றுதான் இருந்தது. "உன் விளம்பரத் தாளில் சர்க்கரை, ஆஸ்துமா என்று போட்டிருக்கிறாய். அது பொய்."

"ஆமாலா. எங்க ரிசப்ஷன் ராஜம்மா, அச்சகத்துல இருந்த மாதிரியைப் பாத்துப் போட்டது. நான் பாக்காம விட்டுட்டேன். எடுத்துர்றேன்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மழை கொட்டிற்று. டயர் கடை வாசலில் நிற்க முடியவில்லை, மாடிக்கு ஏறினேன். முதல் தடவை. பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். சிங்கப்பூருக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்கள், தலைக்கவசம் மடியில், எல்லோருக்கும் ஒரே இடுப்பு வலி. மேஜையில் புதுத் தாள். முதுகுவலி, கழுத்துவலி, நல்ல தூக்கம், தினசரி நடை. சர்க்கரை இல்லை. ஆஸ்துமா இல்லை.

வரவேற்பில் இருக்கும் ராஜம்மா குரலை உயர்த்தினார். "மேடம், ஆறு மாசம் ஆயிருச்சு, ஃபார்ம் புதுசா நிரப்பணும்! சார், நீங்க நம்பர் எடுத்தாச்சா? உங்க நடையைப் பாத்தா உங்களுக்கும் இடுப்பு போயிருச்சு போலயே!"

யாரோ சிரித்தார்கள். நம்பர் எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தாலும் எடுப்பேன்.

பிரேமளா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாள். பேனாவை மூன்று விரலால் பிடிக்கப் பழகியிருக்கிறாள். எழுத்து இன்னும் கோணல்தான், ஆனால் படிக்க முடிகிறது. மூன்றாவது பக்கத்தில் கை களைத்துவிட்டது. படிவத்தை என் மடியில் வைத்தாள்.

"மீதியை நீங்க எழுதுங்க."

அவசரத்துக்கு யாரை அழைப்பது. அந்தக் கட்டம் காலியாக இருந்தது. ஷாந்தினியின் பெயரையும் எண்ணையும் எழுதினேன்.

அவள் எட்டிப் பார்த்தாள். "அதுக்குக் கீழ உங்க நம்பரையும் போடுங்க." பிறகு, "போனை எடுப்பீங்கல்ல?"

"எடுப்பேன்."

எழுதிக் கொடுத்தேன். ராஜம்மா வரிசை எண்ணைக் கூப்பிட, பிரேமளா உள்ளே போனாள். நான் கைபேசியை எடுத்து, மார்ச்சில் தடை செய்த ஜீவனின் எண்ணைத் தேடி, தடையை நீக்கினேன்.

சிறிது நேரத்தில் உள்ளே அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. எரிந்தது. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன்.